எங்கட கிரவுண்ட்

வன்னிப் பாடசாலைகளில் கூடைப்பந்து பெரிதாகப் பரவாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பந்து தட்டினால் எழும்புகிற சீமெந்துத் தரை அதற்கு வேண்டும். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். ஆகவே கிரவல் நிலமே போதும். பத்தடிக் கம்பம் இரண்டு, அவற்றின் உச்சியில் வளையம், கோடு போட ஒரு பை நீறு. வளையத்துக்குப் பின்னால் பலகைகூட இல்லை. குறி தவறிய பந்து நேரே போய், பின்னால் நிறுத்தியிருக்கிற மோட்டார் சைக்கிள்களில் விழும். சொந்தக்காரர் எழும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருப்பார்.

வலைப்பந்து மட்ச் அன்று அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்கும் கொட்டகைக்குக் கீழ் பிளாஸ்ரிக் கதிரை. மற்றவர்களுக்கு வேம்பு. நிழல் நகர நகரச் சனமும் நகரும். கடைசிக் கால்பகுதி ஆட்டத்தில் எல்லாரும் ஒரே கம்பத்தடியில் குவிந்திருந்தால் அது ஆட்டத்தின் விறுவிறுப்பால் என்று எண்ணிவிடக் கூடாது. நிழல் அங்கே போய்விட்டது, அவ்வளவுதான். பெடியன்கள் மதிலில் ஏறிவிடுவார்கள். பாண்ட் குழுவின் பெரிய மேளத்தை யாரோ அறையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருப்பார்கள். கச்சான்காரரும் ஐஸ்கிறீம் வானும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேரும். வானின் பாட்டில் நடுவரின் விசில் கேளாமல், நிற்க வேண்டிய பிள்ளை ஓடிக்கொண்டிருப்பாள்.

இந்தச் சனத்தில் பாதிப் பேருக்கு ஆட்டவிதி தெரியாது. ஏழு பேரில் இரண்டு பேர்தான் கோல் போடலாம், அதுவும் வளைகோட்டுக்குள் நின்றுதான் என்பதை ஒவ்வொரு மட்ச்சிலும் யாராவது யாருக்காவது விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். நெஞ்சில் கோல் ஷூட்டருக்குரிய 'ஜி.எஸ்.' என்று எழுதியிருந்த பிள்ளையைப் பார்த்து, "உவள் என்ன, கிராம சேவகற்ற மகளோ?" என்று கேட்ட ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை எந்த ஒழுங்கையில் இருக்கிறாள், காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தாளா, சப்பாத்து யாருடையது என்பதெல்லாம் அதே ஆச்சிக்குத் தெரியும். இங்கே பாடசாலையின் பெயரைச் சொல்லிக் கத்துவது மாணவர்கள் மட்டும். பெரியவர்கள் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பந்து பறக்கிற நேரத்தில் தன் செல்லப்பெயரைக் கேட்டு வெட்கப்பட்டே பந்தைத் தவறவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

அமெரிக்காவில் இருக்கிற மருமகன் ஒருவன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கமரன் என்ற கூடைப்பந்து உள்ளரங்கு. 1940இல் திறந்தது, 9,314 பேர் இருக்கலாம். மாணவர்கள் முகத்திலும் மேலிலும் நீலம் பூசிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை இருக்கையில் இராமல் துள்ளுகிறார்கள். எதிரணிக்காரன் தனி எறிக்கு வந்து நின்றால் வளையத்துக்குப் பின்னால் நூறு கைகள் ஆடி அவனைக் குழப்பப் பார்க்கின்றன. அதுகூடப் பெரிதில்லை. அயல் பல்கலைக்கழகமான வட கரோலினாவுடன் மட்ச் என்றால், உள்ளே போக இடம் பிடிப்பதற்காக அரங்குக்கு வெளியே, குளிருக்குள் வாரக்கணக்கில் கூடாரம் அடித்துக் கிடக்கிறார்கள். 1986இல் தொடங்கிய வழக்கமாம். கூடாரங்கள் நிற்கிற புல்வெளிக்கு அப்போதைய பயிற்றுநர் மைக் ஷஷெவ்ஸ்கியின் பெயரை வைத்து ஊர்ப்பெயரே உண்டாக்கிவிட்டார்கள்.

வேம்பின் கீழ் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு அந்தக் காணொளியில் கூடாரங்கள் வரும் இடத்தைக் காட்டினேன்.

"உது எந்த முகாம்?" என்றா.

"முகாமில்லை அக்கா. மட்ச் பாக்கிறதுக்காகப் பிள்ளையள் கிடக்குதுகள்."

"ஆர் போகச் சொன்னது?"

"ஒருத்தருமில்லை. விரும்பித்தான்."

அக்கா போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தா. "தறப்பாள் நல்ல தறப்பாள்" என்று சொல்லித் திருப்பித் தந்தா. 2009இல் போருக்குப் பிறகு செட்டிகுளம் மனிக்பாம் அகதி முகாமில் இருந்தவ. அங்கே கூடாரத்துக்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை. தண்ணிக்கு, சோற்றுக்கு, கக்கூசுக்கு என்று வரிசையெல்லாம் கூடாரத்துக்குள் போன பிறகுதான்.

டியூக்கின் அந்த ஆவேசத்தை நான் குறைசொல்ல மாட்டேன். உள்ளூர எனக்கு அதில் பொறாமையும் உண்டு. நல்ல பகை வளர இரண்டு பள்ளிக்கூடமும் ஒரே இடத்தில் நூறு வருசமாவது நின்றிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதுகின்றன. தாத்தாவின் பகையைப் பேரன் முதுசமாகப் பெறுகிறான். எங்கட கிளிநொச்சியின் கதை வேறு. இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடியேறி வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள் என்று ஊரே வந்தவர்களால் ஆனது. அப்படி வந்தவர்களும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. 1996 செப்ரெம்பரில் போரில் நகரம் விழுந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சிதறினோம். 2008 கடைசியில் திரும்பவும் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. பள்ளிக்கூடங்களும் கூடவே வந்தன. மரத்தின் கீழ் கரும்பலகையைச் சாத்திப் படிப்பித்த காலத்தில் எது எங்கட கிரவுண்ட், எது அவர்கட கிரவுண்ட்?

அதனால் எதிரணி வந்து இறங்கும்போது இங்கே ஒரு சிக்கல். புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வந்திருந்த நாள். அவர்களுடைய கோல் அடிக்கிற பிள்ளை நல்ல உயரம். கையை நீட்டினால் பந்து பாதித் தூரம் போய்விட்ட மாதிரி இருக்கும். எங்கட பெடியன்கள் நாலைந்து பேர் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, அவள் குறிபார்க்கிற நேரம் கூவத் தொடங்கினார்கள். டியூக்கில் செய்வதைத்தான் செய்தார்கள், ஆள்தொகை குறைவு. ஒரு பந்து தவறியது. அடுத்ததற்கு முன் அக்கா எழும்பிவிட்டா.

"டேய்! உவளின்ர அம்மம்மா வீட்டுக் கிணத்திலதான்ரா ரெண்டு வரியம் தண்ணி அள்ளினனாங்கள். வாயைப் பொத்துங்கோ!"

பெடியன்கள் பொத்தினார்கள். அந்தப் பிள்ளை பிறகு தவறவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எங்கட ரீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. "நீங்கள் உறவு கொண்டாடினா நாங்கள் எப்பிடி அக்கா வெல்லுறது?" என்று இடைவேளையில் வந்து கேட்டே விட்டா. ரீச்சரின் பக்கம் நியாயம் இருக்கிறது. சொந்தக் கிரவுண்டில் ஆடுகிற பிள்ளைக்குச் சனத்தின் சத்தம்தான் எட்டாவது ஆள். அதைக் கிணற்றடிக் கணக்கில் கழித்துவிட்டால் அவர்களுக்கு மிச்சம் என்ன? ஆனால் அக்காவிடம் அதைச் சொல்கிற துணிவு எனக்கு வரவில்லை. மல்லாவிப் பிள்ளைகள் வந்தால் நானே வாய் திறக்க மாட்டேன்.

வெளிநாட்டுச் சனத்துக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. பழைய மாணவி ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்து முகநூலில் நேரலை விட்டுக்கொண்டிருப்பாள். இங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் விடியப்புறம் ஐந்தரை. அந்த நேரத்தில் எழும்பியிருந்து, "நடுவர் கள்ளம்" என்று எழுதுவதற்கு ஆள் இருக்கிறது. மேற்சட்டை வாங்கக் காசு அனுப்பியவர்கள் ஆகையால் உரிமையும் அதிகம். முதுகில் இலக்கத்துக்கு மேலே அன்பளிப்புச் செய்தவரின் பெயர் பெரிதாக இருக்கும். யாரோ ஒரு மாமாவின் பெயரைச் சுமந்துகொண்டுதான் பிள்ளை ஓடுகிறாள். அவர்கள் பகையைப் பழுதாகாமல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று சில நேரம் தோன்றும்.

உயரமான பிள்ளை யாரைக் கண்டாலும் இந்தச் சனம் உடனே தர்ஜினியின் பெயரை எடுக்கும். தர்ஜினி சிவலிங்கம் வன்னி அல்ல, யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன். உயரம் 208 சென்ரிமீற்றர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 16 அணிகளில் இலங்கைக்கு 15ஆவது இடம்தான். ஆனால் அந்தத் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவர், 348. வீட்டில் கூரை தட்டுகிறது என்று கேலிபண்ணப்படுகிற பெண்பிள்ளைக்கு அந்த ஒரு பெயர் போதும், முதுகை நிமிர்த்தி நடக்க. மற்றப்படி வலயத்தைத் தாண்டி, மாகாணத்தைத் தாண்டிப் போகிறவர்கள் கொஞ்சம். உயர்தரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவர்கள் ஆட இடமில்லை, எங்களுக்கும் போய்ப் பார்க்க மட்ச் இல்லை. இதை மாற்ற வேண்டியவர்கள் கொட்டகைக்குள் முன்வரிசைக் கதிரையில்தான் இருக்கிறார்கள். பரிசு கொடுக்கிற நேரம் பேசச் சொன்னால் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

புதுக்குடியிருப்புப் பிள்ளைகளுடனான அன்றைய மட்ச்சில் நாங்கள் தோற்றோம். தோற்றாலும் வென்றாலும் வந்த பிள்ளைகளைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கமில்லை; பெற்றோர் காலையிலேயே வகுப்பறைக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல். இரண்டு அணியும் ஒரே வாங்கில் மாறி மாறி இருந்து சாப்பிட்டன. பரிமாறியது அக்காதான். அந்த உயரமான பிள்ளைக்கு இரண்டாவது மீன் துண்டை வைத்தபடி, "அடுத்த வரியம் ஏ.எல். படிக்க இஞ்சாலை வாவன் பிள்ளை. என்ர வீட்டிலயே நிக்கலாம், தங்குமிடக் காசு வேண்டாம்" என்று தொடங்கினா.

அவளின் ரீச்சர் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி வந்தார். "அக்கா, மட்ச்சைத்தான் விட்டுத் தந்தியள் எண்டு நினைச்சன்" என்றார். "ஆளைப் பிடிக்கவோ சோறு போடுறியள்?"

அக்கா அவருக்கும் ஒரு துண்டு மீன் வைத்தா.