அம்பாசிடருக்கும் வடிகால் வேண்டும்

பவானிப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கரில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வீட்டில் 1986-ம் வருடத்து அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. மார்க் 4, டீசல் வண்டி. அவருடைய அப்பா மஞ்சள் விற்ற பணத்தில் வாங்கியது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலும் சரியாக மடங்காது. சின்னக் கார்களில் குனிந்து, காலை மடக்கி, பள்ளத்தில் இறங்குவது போல இறங்கி உட்கார வேண்டியிருக்கிறது. அம்பாசிடரில் கட்டிலில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டு, பிறகு காலை உள்ளே எடுத்து வைக்கலாம். மாதம் இரண்டு முறை ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு வேறு வண்டி தோதுப்படவில்லை. பழைய இரும்புக்காரர் சொன்ன விலைக்கு மகன் தலையாட்டியும் அப்பாக்காரர் அசையாததற்குக் காரணம் இதுதான்.

பார்ப்பவர்களுக்கு அந்த வண்டியின் வியாதி பெயின்ட் வியாதியாகத்தான் தெரிந்தது. நான்கு கதவின் அடியிலும், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் கொப்புளம். ஆறு வருடத்தில் இரண்டு முறை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தார்கள். இரண்டு முறையும் ஐப்பசி மழை முடிந்து தை பிறப்பதற்குள் அதே இடத்தில் கொப்புளம் வந்தது. பெயின்ட் மட்டம் என்றார் ஒருவர். வெயிலில் நிறுத்துகிறீர்கள் என்றார் இன்னொருவர். தண்ணீர் தேங்கி வேர் அழுகிய வாழைக்கு இலையில் மருந்தடிக்கச் சொன்னால் இந்த விவசாயி சிரிப்பார். வண்டி விஷயத்தில் அவருக்கே அது தோன்றவில்லை.

மூன்றாவது முறை கிடைத்த வயதான டிங்கர், பெயின்ட் துப்பாக்கியைத் தொடவே இல்லை. முன் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கினார். அடியிலிருந்த மெத்தை, சாக்கு ஊறினது போல ஊறிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தரைத்தகட்டைக் குத்தினார், அது மறுபக்கம் வந்தது. சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டைச் சுற்றிலும் தகடு அப்பளமாகப் பொரிந்திருந்தது. “ஏனுங்க, இதுலயா ஆத்தாவ உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது மிகையில்லை. லாரிக்குத் தனியாகச் சேசிஸ் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிச் செய்யப்பட்ட அம்பாசிடருக்கு அப்படி முழுச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் கதவுக்கடியில் ஓடும் பெட்டித்தகடும் கூரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. தரை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பு துருப்பிடித்தது என்று அர்த்தம்.

தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்க்க அவர்கள் செய்தது எளிய வேலை. மகன் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தான். டிங்கர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக நனைத்தார். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒழுகும், எது முதல் ஓட்டை என்று தெரியாது. முன்கண்ணாடி ரப்பரின் இடது கீழ் மூலையில் உள்பக்கம் நீர்க்கோடு இறங்கியது. பிறகு கதவு ரப்பர். துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தார்கள். ரப்பர் பிடிக்கும் இடத்தில் காகிதம் இறுக்கமாக வர வேண்டும். பின்கதவு இரண்டிலும் அது வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது போக, பளபளப்புக்காக டீசல் துணியால் துடைத்துத் துடைத்து உப்பியும் போயிருந்தது. ரப்பருக்கு டீசலும் மண்ணெண்ணெயும் ஆகாது.

கதவடி துருவுக்குக் காரணம் வேறு. கதவின் மேற்கண்ணாடி இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். எந்தக் காராக இருந்தாலும் அப்படித்தான். அது வெளியேறுவதற்குக் கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். துருவைத் தடுக்கிறேன் என்று முன்பு யாரோ தார் பூசி அந்தத் துளைகளை அடைத்துவிட்டார்கள். தார் பூச்சுக்கும் காசு கொடுத்தவர் இவர்தான்!

டிக்கியில் இன்னொரு சங்கதி கிடைத்தது. பல வருடமாகப் பொட்டாஷ் மூட்டை அதில்தான் வந்திருக்கிறது. நாம் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. சிந்தினது மூலையில் தங்கி, ஈரம் பட்டபோதெல்லாம் இரும்பைத் தின்றிருக்கிறது. மயில்துத்தம் சிந்தினாலும் இதே கதைதான். போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள் என்று சொல்வது எதற்காகவோ, அதே காரணம்.

துருவை எடுக்க, சொட்டுநீர்க் குழாய் கழுவ வாங்கி வைத்திருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றலாமா என்றான் மகன். நல்லவேளை டிங்கர் தடுத்தார். அது துருவைக் கரைக்கும்தான், ஆனால் தகட்டு மடிப்பில் மிஞ்சுகிற குளோரைடு மறுபடி துருவைக் கிளப்பும். செத்த தகட்டை வெட்டி எறிந்து புதுத்தகடு பற்றவைத்தார். தேறக்கூடிய இடத்தில் கம்பித்தூரிகையால் சுரண்டி, கையுறை போட்டுக்கொண்டு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவினார். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிக் கருக்கவைக்கும். கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு எபாக்சி பிரைமர், அதன் மேலே பட்டி. முந்தைய இரண்டு தடவையும் துரு மேலேயே பட்டியை அப்பியிருந்தார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்து ஓட்டை வழியாக உறிஞ்சிய ஈரம்தான் புதுப் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கியிருக்கிறது.

தகட்டு வேலை பன்னிரண்டு நாள். பெயின்ட் மூன்றே நாள்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் ரப்பர் கோவையில் கிடைத்தது. பெயின்ட் நன்றாக இறுகும்வரை ஒரு வாரம் பொறுத்துத்தான் மாட்டினார்கள். முன்கண்ணாடிக்குப் புது ரப்பரைச் சுற்றி, அதன் உள்பள்ளத்தில் நூல்கயிறு ஓட்டி, சோப்புத்தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டிக்கொடுக்க, உள்ளே ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருந்தால் புதுப் பெயின்ட் அங்கேயே கீறியிருக்கும், துருவுக்கு மறுபடி வாசல் திறந்திருக்கும்.

சொந்தக் காருக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்புக்கு வண்டியைத் தயக்கமில்லாமல் கொண்டுபோகலாம் என்கிறார் விவசாயி. பொட்டாஷ் இப்போது சரக்கு ஆட்டோவில் வருகிறது. தார்ப்பாய் போட்டு மூடுவதையும் விட்டுவிட்டார், அது ஈரத்தை அடைகாக்கிறது. ஓலைக்கொட்டகை காற்றோட்டமாக இருக்கிறது. புரட்டாசி கடைசியில் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவடித் துளையையும் அவரே குத்திவிடுகிறார். இடது பின்கதவில் மட்டும் பலத்த மழைக்கு இன்னும் ஒரு சொட்டு வருகிறது. கதவுக் கீல் கொஞ்சம் தொய்ந்திருக்கிறதாம். அதைச் சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் அம்மாவை உட்காரவைப்பதில்லை.