குதிரையும் குமாரியும்

வண்டலூர்வாசிகளான நமக்குப் புலியும் சிங்கமும் அண்டைவீட்டார். மிருகக்காட்சிசாலையின் மகிமை அது! குதிரையோ கடற்கரையில் கண்டதோடு சரி. ஆகவே, 2023 செப்டம்பர் 26-ந் தேதி சீனத்து ஹாங்சௌ நகரில், ஆசிய விளையாட்டுகளின் 'டிரஸ்ஸாஜ்' போட்டியில் நம் தேசம் தங்கம் வென்றதாகக் கேட்டு, அது யாதென்று விசாரிக்கப் புகுந்தோம்.

இது ஓட்டப் பந்தயம் அன்று. மணற்களத்தில் குதிரை விதவிதமான நடைகளை நடந்துகாட்ட வேண்டும். மேலே இருப்பவர் இடும் கட்டளை பிறர் கண்ணுக்குப் புலப்படலாகாது. ஜெய்ப்பூர்க் குமாரி திவ்யகிருதி சிங், 'அட்ரினலின் ஃபிர்ஃபோட்' என்னும் குதிரைமீது 68.176 சதவிகிதம் பெற்றார். நால்வருள் சிறந்த மூவர் மார்க்குகள் சேர்ந்து 209.205. குதிரையேற்றத்தில் 41 வருஷங்களுக்குப் பின் கிட்டிய தங்கம்! இதற்காக அவர் ஜெர்மனியில் போய்த் தங்கிப் பயில நேர்ந்தது என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் ஒரே களம். ஒலிம்பிக்கில் முன்பெல்லாம் பட்டாள அதிகாரிகளுக்கே இடம். 1952-இல் ஹெல்சிங்கியில் பெண்களையும் அனுமதித்தார்கள். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் மாது லிஸ் ஹார்டெல், 'ஜுபிலி' மீதமர்ந்து அவ்வருஷமே வெள்ளி பெற்றார். குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும் அவருக்கு!

நம் பெண்ணும் குதிரையேற வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறாள். "கை கால் ஒடிந்தால் எவன் கட்டிக்கொள்வான்?" என்றாள் அவள் பாட்டி. ஹார்டெல் கதையைச் சொன்னோம். கிழவி நெடுநேரம் மௌனமாயிருந்தாள்.

"அது கிடக்கட்டும். கொள்ளு யார் வாங்கிப் போடுவது?" என்றாள்.