கங்கை முடியும் ஊரிலிருந்து கங்கை பிறக்கும் மலைக்கு



மூதூர்க்காரர்களான எமக்கு மகாவலி என்றால் கங்கைப் பாலமும் கொட்டியாரக் குடாவும்தான். 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு எமது வாசலில்தான் கடலில் சேர்கிறது. அது பிறக்கும் மலையைப் புத்தகத்தில் படித்தவர்கள் நம்மில் அதிகம், நேரில் கண்டவர்கள் குறைவு. இந்த விடுமுறையில் ஆசிரியர்களும் குடும்பத்தினரும் பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர் ஹோட்டன் சமவெளிக்குப் போய், அங்குள்ள சுற்றுப்பாதையை முழுமையாக நடந்து முடித்தோம். அல்ஹம்துலில்லாஹ். நுவரெலியா போகிற நம்மவர்களில் பலர் விக்டோரியா பூங்காவோடும் கிரகரி வாவியோடும் திரும்பிவிடுவதால்தான் இதை எழுதுகிறோம்.

நுவரெலியாவில் ஸுபஹ் தொழுதுவிட்டு அம்பேவல, பட்டிப்பொல வழியாகப் போனோம். நேரத்தோடு போவது முக்கியம். ஒன்பது, பத்து மணியானால் பனிமூட்டம் ஏறி, 'உலக முடிவு' வெறும் வெள்ளைச் சுவராகிவிடும்.

பாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். பொலித்தீன் எதையும் உள்ளே விடுவதில்லை. தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலையும் கிழித்து எடுக்கிறார்கள். பிஸ்கட்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். "பிஸ்கட் பேக்கட்டையுமா எடுக்கிறாங்க சேர்?" என்று ஒரு பிள்ளை முகத்தைச் சுழித்தது. அங்கு நின்ற உத்தியோகத்தர் கோபப்படாமல் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மரையைக் காட்டினார். மனிதருக்குப் பயமில்லாமல் பழகிவிட்ட அது, சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடுமாம். எந்த ஊர் என்று கேட்டார். மூதூர் என்றோம். "அப்படியென்றால் இந்தத் தண்ணீர் உங்களுடையது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அந்த வார்த்தை வழி முழுக்க எங்களோடு வந்தது.

சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். நின்று நின்று போன எமக்கு நான்கு மணித்தியாலம் எடுத்தது. பெரும்பகுதி மேடும் பள்ளமுமான சாதாரண நடை. பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் மட்டும் இறக்கம் அதிகம், கல்லும் வேரும் வழுக்கும். அறுபது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், அபாயா அணிந்த எமது ஆசிரியைகளும் எந்தச் சிரமமுமின்றி நடந்து முடித்தார்கள். நல்ல சப்பாத்தும் குளிருக்கு ஒரு ஜெக்கட்டும் போதும்.

முதலில் பரந்த புல்வெளி. பிறகு பாதை காட்டுக்குள் நுழைகிறது. 2,100 மீற்றருக்கு மேல் காற்றிலும் குளிரிலும் வளர்ந்த மரங்கள், குட்டையாகவும் கோணலாகவும் நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி. மழை பெய்யவில்லை, ஆனால் தலையில் துளி விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் மேலே பார்த்தார்கள். இதுதான் முகில் காடு. கடந்து போகும் முகிலை இலையும் பாசியும் பிடித்துத் துளியாக்கி மண்ணுக்குக் கொடுக்கின்றன. கீழேயுள்ள கறுத்த மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. வகுப்பில் ஒரு தவணை முழுக்கச் சொன்னாலும் விளங்காத பாடம் ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

சிறிய உலக முடிவைத் தாண்டி உலக முடிவுக்கு வந்தபோது மூட்டம் இன்னும் ஏறவில்லை. 800 மீற்றருக்கும் கூடுதலான செங்குத்துப் பள்ளம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றோம். பேச்சே வரவில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டதும், "இதுதான் நம்மட கங்கையா?" என்று கேட்டார்கள். இல்லை. இது பெலிஹுல் ஓயா, வளவை கங்கையோடு சேர்ந்து தெற்கே அம்பலாந்தோட்டைக்குப் போகிறது. இதே மலையின் மறுபக்கத்தில் பிறக்கும் அக்ரா ஓயா, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியாகி எம்மிடம் வருகிறது. களனி கங்கைக்கும் இங்கிருந்து நீர் போகிறது. ஒரே முகில்தான். துளி எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து அது கொழும்புக்கோ, அம்பலாந்தோட்டைக்கோ, மூதூருக்கோ போகும். எந்த மதத்தவர், எந்த மொழி என்று அது கேட்பதில்லை.

இந்தக் காடு தானாகத் தப்பி நிற்கவில்லை. கோப்பியும் தேயிலையும் மலையெல்லாம் ஏறிய காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார். 1960களில் இதே புல்வெளியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் பாதுகாக்கப்பட்ட இடமாகி, 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இருந்தும் வழியில் காய்ந்து வெளுத்து நிற்கும் மரங்களைக் கண்டோம். காடு பல பத்தாண்டுகளாகவே சில இடங்களில் இப்படிப் பட்டுக்கொண்டு வருகிறது.

சிறுபோகத்தில் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாதபோது வாய்க்கால் கதவடியில் சண்டை பிடிக்கிறோம். அந்தத் தண்ணீரின் கணக்கு கதவடியில் தொடங்கவில்லை, இந்தப் பாசியில் தொடங்குகிறது. ஆற்றருகே வுழூச் செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று மத்ரஸாவில் படித்த சமூகம் நாம். அந்த நீரைத் தரும் மலையில் ஒரு பிஸ்கட் உறையைக்கூடப் போடாமல் வருவதும் அதே பாடம்தான்.

பெற்றோரே, பாடசாலைச் சுற்றுலா என்று வரும்போது பெண் பிள்ளைகளையும் இந்த நடைக்கு அனுப்புங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், பொலித்தீன் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, அது நல்ல காலம். அடுத்த முறை பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளோடு போக நிய்யத் வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். சேர விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள்.