தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?



சர்வே வகுப்பில் 'ரிட்ஜ் லைன்' என்ற சொல் வந்தாலே கடைசி பெஞ்சில் கொட்டாவி ஆரம்பித்துவிடும். நீர் பிரியும் முகட்டுக்கோடு என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, இரண்டு மார்க் கேள்வி என்று ஒதுக்கி வைக்கிறோமே, அந்தச் சொல்தான். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு நாள் நின்றுவிட்டு வந்தேன். அதுவும் என் அம்மாவோடு!

என் ஊர் ராயகிரி. மேற்கே திரும்பினால் மலை. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான் என்றாலும் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "அங்கிட்டு மலையாளம்" என்பதோடு சரி. பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான். அதிலும் சிவில். "பொம்பளப் பிள்ளை கட்டடப் படிப்புப் படிச்சு என்ன செய்ய? சாரத்துல ஏறவா போகுது?" என்று தெருவில் கேட்டார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன கூலியில் ஃபீஸ் கட்டினாள். ஆனால் நான் என்னதான் படிக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் "பாலம் கட்டுத படிப்பு" என்று சொல்லி முடித்துவிடுவாள். விளக்கிச் சொல்ல எனக்கும் வார்த்தை வரவில்லை. படித்த வார்த்தை எல்லாம் இங்கிலீஷாக இருக்கிறதே!

2025 மே 12, சித்திரா பௌர்ணமி. தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, தமிழ்நாடு - கேரள எல்லை முகட்டில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். பெரியாறு புலிகள் காப்பகத்துக் காடு என்பதால் வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் மக்களை மேலே விடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டர் நடைபாதை. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் போகும் மண்பாதை. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மலையையே தாண்டிவிடுவது என்று எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் முடிவு செய்தோம். பெண்கள் நான்கு பேர். வீட்டில் கேட்டதும் "நானும் வாரேன்" என்றாள் அம்மா. கண்ணகியைப் பார்க்கவா, என்னைக் காவல் காக்கவா என்று நான் கேட்கவில்லை.

பளியன்குடியில் விடியும்போதே கூட்டம். வனத்துறையினர் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக்கை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் எவர்சில்வர் தூக்குச்சட்டி இருந்ததால் அன்று எங்கள் எல்லோருக்கும் அதுதான் தண்ணீர்ப் பானை. ஏற்றம் என்றால் சும்மா ஏற்றம் இல்லை. பாறையும் சரளையுமாகச் செங்குத்தாக நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் காலேஜ் கபடி டீம் ஆள் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களுக்கும் மூச்சு இரைத்தது. அம்மா மட்டும் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு முன்னே போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"நேரா ஏறாதீய. மாடு ஏறுத மாதிரி சாச்சு சாச்சு ஏறுங்க."

அப்படியே செய்தோம். இடது பக்கம் பத்து அடி, வலது பக்கம் பத்து அடி. தூரம் கூடியது, ஆனால் மூச்சு கட்டுக்குள் வந்தது. எனக்குள் ஒரு சிரிப்பு. மலைச்சாலைக்கு ரூலிங் கிரேடியன்ட் 20-க்கு 1 என்று ஹைவே பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். 20 அடி நடந்தால் ஓர் அடிதான் உயர வேண்டும். அதற்காகத்தான் மலையில் ரோட்டை வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். மாடு மேய்த்த அம்மாவுக்கு அந்தக் கணக்கு காலிலேயே இருக்கிறது!

மேலே மரங்கள் குறைந்து புல்வெளி வந்தது. ஆளைத் தள்ளுகிற காற்று. சிதைந்த கற்கோயில், நீண்ட வரிசை, இரண்டு மாநிலப் போலீஸ். மறந்து கிடந்த இந்தக் கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று 1963-ல் ஆராய்ந்து சொன்னவர் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார். அம்மா கும்பிட்டுவிட்டு வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தாள். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு, வயலும் தோப்பும் ஊருமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மேற்கே காடு, காட்டுக்குப் பின் காடு.

"ஏட்டி, இந்த எடத்துல மழ பெஞ்சா தண்ணி எங்குட்டுப் போவும்?"

இரண்டு வருடப் படிப்பில் அம்மா என்னிடம் கேட்ட முதல் பாடக் கேள்வி! ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கான்டூர் கோடுகள் போட்டேன். கோடு மேட்டைப் பார்த்து 'வி' மாதிரி வளைந்தால் பள்ளம், இறக்கத்தைப் பார்த்து 'யு' மாதிரி வளைந்தால் முகடு. கிழக்கே விழுந்தது நம் பக்கம், மேற்கே விழுந்தது பெரியாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்கு... இப்படி ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரப்பு உச்சியில விழுத தண்ணி ரெண்டு வயலுக்கும் பிரியும்லா, அதத்தான இம்புட்டு நேரம் சொல்லுத?"

நண்பர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சின்னதாக அந்த விளக்கத்தை நான் படித்ததில்லை.

இறக்கம் ஏற்றத்தை விடக் கொடுமை. குமுளி வரை ஜீப்புகள் கிளப்பிய புழுதியில் முழங்கால் கழன்றுவிடும் போல நடந்தோம். சாயங்காலம் குமுளியில் கம்பம் பஸ் பிடித்தோம். லோயர் கேம்ப் மலைப்பாதையில் வரும்போது நான்கு பெரிய குழாய்கள் மலையிலிருந்து சரிந்து இறங்குவதை அம்மாவுக்குக் காட்டினேன். மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர் பென்னிகுக். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த வேலை. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும்தான். அந்தத் தண்ணீர்தான் இந்தக் குழாய் வழியே இறங்கி மின்சாரமாகி, பிறகு தேனிக்கும் மதுரைக்கும் அதற்கு அப்பாலும் வயலில் பாய்கிறது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப நம்ம செண்பகவல்லிய ஏன் கட்ட மாட்டேங்காவ?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் சிவகிரி மலையிலும் மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்ப அந்தக் காலத்தில் கட்டிய செண்பகவல்லி தடுப்பணை இருக்கிறது. அது இருப்பது கேரள வனப்பகுதியில். உடைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. சரிசெய்யுங்கள் என்று வாசுதேவநல்லூர், சிவகிரி வட்டார விவசாயிகள் இன்றும் கேட்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. குற்றாலத்துக்காவது செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வருகிறது. எங்களுக்கு மலை மறைக்கிறது. அதே சமயம் அது புலியும் யானையும் வாழும் காடு, அதற்கும் தண்ணீர் வேண்டும். இரண்டு மாநிலச் சங்கதி, கோபப்பட்டுக் கத்தினால் தீராது. எவ்வளவு தண்ணீர் வரும், எந்த மட்டத்தில் வரும், காட்டுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். அளக்கத் தெரிந்தவர்கள் என்றுதானே நம்மைப் படிக்க வைக்கிறார்கள்?

மலையை அளக்க எனக்கு இன்னும் வயதும் உத்தரவும் வேண்டும். ஆனால் குளத்தை அளக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு எங்கள் ஊர்க் குளத்தின் வரத்துக்காலை லெவல் எடுப்பது என்று எங்கள் குழு தீர்மானித்திருக்கிறது. எந்த இடத்தில் மண் மேவியிருக்கிறது, எங்கே மட்டம் தவறித் தண்ணீர் திரும்பிப் போகிறது என்று கண்டுபிடித்துப் படம் போட்டு ஊரில் கொடுக்க வேண்டும்.

ஸ்டாஃப் பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. "அந்தக் கம்ப நேரா நிமித்திப் பிடிக்கணும், அவ்வளவுதான? நான் பிடிக்கேன்" என்கிறாள் அம்மா.