தண்ணீரூற்றில் உம்மாவின் கடை

வவுனியாவில் சுபஹுத் தொழுதுவிட்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், வன்னியில் பெரும்போக அறுவடை நடக்கும் காலம். ஓமந்தை, புளியங்குளம் கடந்து மாங்குளம் சந்தியில் பஸ் வலப்புறம் திரும்பியது. என் மடியில் ஒரு பழைய கொப்பி இருந்தது. அதில் தீர்க்கப்படாமல் கிடந்த ஒரேயொரு கணக்கைத் தீர்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஒட்டுசுட்டானைத் தாண்டி முள்ளியவளைக்கு வந்தால், அதை ஒட்டியதுதான் எங்கள் ஊரான தண்ணீரூற்று. நிலத்தடி நீர் தானாக ஊறிவரும் மண் என்பதால் வந்த பெயர். அங்குள்ள ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலுக்கும் அந்த ஊற்றுத்தான் பெயர் தந்தது. கோயில் மணியையும் பள்ளிவாசல் பாங்கையும் ஒன்றாகக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

வாப்பா 1986இல் வபாத்தானார். கடைக்குட்டியான எனக்கு அப்போது ஆறு வயது. நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும், உம்மா பூட்டிக்கிடந்த கடையைத் திறந்து தராசைத் துடைத்துக் கட்டினார். பெண் கடையில் இருக்கலாமா என்று ஊரில் ஓரிருவர் முணுமுணுத்தார்கள். "அன்னை கதீஜா நாயகி (ரழி) அவர்கள் செய்யாத வியாபாரமா?" என்று கேட்டுவிட்டு உம்மா தன் வேலையைப் பார்த்தார்.

அது பெரிய கடையல்ல. முன்னால் ஒரு தட்டி, உள்ளே அரிசி, மா, சீனி, பருப்பு, உரப்பையில் செத்தல் மிளகாய், மூலையில் மண்ணெண்ணெய்ப் பரல். அசருக்குப் பிறகு அதே திண்ணையில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு உம்மா குர்ஆன் ஓதிக்கொடுப்பார். பெண்களின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஆள் தேவையென்றால் முதலில் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். சிறுகச் சிறுகச் சேர்த்த காசை உம்மாவிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்த பெண்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு, வடக்குக்கு மண்ணெண்ணெய் வருவது அருகிப்போனது. விலை நாளுக்கொரு விதமாக ஏறியது. எங்கள் பரலில் பாதிக்கு மேல் இருந்தது. பதுக்கி வைத்தால் இரட்டிப்பாக விற்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். உம்மாவோ வீட்டுக்கு ஒரு கால் போத்தல் என்று பழைய விலைக்கே அளந்து ஊற்றித் தீர்த்தார்.

வன்னியில் கடைக் கணக்கு வயலோடு போகும். ஐப்பசி மழைக்கு விதைப்பவர்கள் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள். தை, மாசியில் நெல் அறுத்ததும் வந்து தீர்ப்பார்கள். அந்தக் கணக்குத்தான் இந்தக் கொப்பி. முன்பக்கத்திலிருந்து வரவேண்டியதை எழுதுவார். கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தான் கொடுக்கவேண்டியதை எழுதுவார்.

1990 அக்டோபர் பிற்பகுதியில், விதைப்புக் காலத்தில், வெளியேறும்படி விடுதலைப் புலிகளின் உத்தரவு வந்தது. அந்த நாட்களில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். உம்மாவின் முதல் முழுவதும் ஊராரிடம் கடனாக நின்றது. கையில் காசு இல்லை. கடையைப் பூட்டி, உடுபுடவைப் பொட்டலத்துக்குள் இந்தக் கொப்பியை வைத்துக் கட்டினார்.

நாங்கள் வவுனியாவைக் கடந்து புத்தளம் போய்ச் சேர்ந்தோம். கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கை தொடங்கியது. கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போன பெண்களோடு உம்மாவும் போனார். மூன்றாம் மாதம் கொட்டில் வாசலில் ஒரு பலகையைப் போட்டு உப்பும் மிளகாயும் விற்கத் தொடங்கினார். அந்தப் பலகையில் விற்றுத்தான் என்னை அரபுக் கல்லூரிக்கு அனுப்பினார்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. நடந்த வெளியேற்றத்துக்குக் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் மன்னிப்பும் கோரப்பட்டது. ஊரைப் பார்க்கப் போகவேண்டும் என்றார் உம்மா. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓதி முடித்த இளரத்தம். "முன்பக்கத்துக் கணக்கை வசூலிக்கலாம் உம்மா. கடனை எழுதி வைக்கும்படி மார்க்கம் சொல்வது இதற்காகத்தானே" என்றேன்.

"நான் போறது பின்பக்கத்துக் கணக்குக்கு மகன்" என்றார் உம்மா.

பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று, காலையில் எருமைத் தயிர் கொண்டுவந்து தரும் அம்மா. மற்றது, முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு தருபவர்.

தயிர்க்கார அம்மாவை அவருடைய வீட்டிலேயே கண்டோம். உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். உம்மா காசை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமக்கா. நீங்கள் போனாப்பிறகு உங்கட கடை உடைஞ்சு கிடந்தது. பிள்ளையள் பசியில கிடந்துதுகள். ஒரு மூட்டை மா நான் தூக்கினனான். இத்தனை வருசமா அது நெஞ்சுக்குள்ள கிடந்து அறுக்குது."

எனக்குச் சட்டென்று கணக்கு ஓடியது. தயிருக்கு மா சரியாகிவிட்டது, நாம் போகலாம் என்று உம்மாவின் காதில் சொன்னேன். உம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

"தங்கச்சி, மா உங்கட பிள்ளைகள் திண்டது. அதை நான் இந்த நிமிசமே ஹலாலாக்கிட்டன். தயிர் என்ட பிள்ளைகள் திண்டது. அதுக்குக் காசு தரத்தான் வேணும். ரெண்டும் வேற வேற கணக்கு."

கஷ்டப்படும் கடனாளிக்குத் தவணை கொடுப்பது பற்றியும், மன்னித்து விடுவது அதைவிடச் சிறந்தது என்பது பற்றியும் நான் கிதாபுகளில் பாடம் ஓதியிருந்தேன். மன்னிக்கும் உரிமை தரவேண்டியவனுக்கு இல்லை, பெறவேண்டியவனுக்கே உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த முற்றத்தில், உம்மாவிடம்தான் அதைப் படித்தேன். திரும்பும் வழியில் கொப்பியின் முன்பக்கத்துப் பெயர்களையெல்லாம் அவர் பேனாவால் ஒவ்வொன்றாக வெட்டினார்.

கருவாட்டுக்காரர் அன்று அகப்படவில்லை. கடலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை பார்ப்போம் என்று வந்துவிட்டோம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி முல்லைத்தீவுக் கரையை அழித்தது. பிறகு மறுபடி போர். 2009இல் அந்த மக்களெல்லாம் செட்டிகுளம் முகாம்களில் கூடாரங்களுக்குள் கிடக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, "நாம கொட்டிலுக்குள்ள கிடந்த மாதிரி" என்று சொல்லி உம்மா அன்று சாப்பிடவில்லை.

2011இல் ஊர் திரும்பினோம். வீடிருந்த இடத்தில் காடு இருந்தது. எழுபத்திரண்டு வயதில் உம்மா மறுபடியும் தட்டி கட்டிக் கடை போட்டார். கருவாட்டுக்காரரை விசாரித்தபோது, அவர் மௌத்தாகிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. குடும்பம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

2023இல், எண்பத்து நான்காம் வயதில், உம்மா வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கடைசி நாட்களில் என்னை அழைத்துக் கொப்பியைத் தந்தார். முன்னூற்று நாற்பது ரூபாய். ஜனாஸா வந்தால் கடன் இருக்கிறதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்பார்கள் என்பதையும், ஒருவர் அந்தக் கடனைப் பொறுப்பேற்கும் வரை தொழுவிக்காமல் நின்றார்கள் என்பதையும் நானே பலமுறை பயான் செய்திருக்கிறேன். "கடன் முன்னூற்று நாற்பதுதான் உம்மா" என்றேன். "அந்தக் காசுக்கு இண்டைக்கு ஒரு பொட்டலம் நெத்தலி வருமா மகன்? வாங்கினதைவிட நல்லதாத் திருப்பிக் கொடுக்கிறதுதானே நபிவழி" என்றார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று சபையில் சொன்னேன்.

வாரிசுகள் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் தேடாமல் அந்த வழிக்குப் போகக்கூடாது. பல மாதங்கள் தேடினேன். அவருடைய மகள் ஒருவர் கரையோரக் கிராமமொன்றில் இருப்பதாகத் தெரியவந்தது.

அன்று தண்ணீரூற்றில் இறங்கி, மையவாடியில் உம்மாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் கரைக்குப் போனேன். போரில் கணவனை இழந்தவர் அந்தப் பெண். வீட்டு வாசலிலேயே சின்னதாக ஒரு கடை. பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை. ஆணியில் நூல் கட்டி ஒரு கொப்பி தொங்கியது.

விவரம் சொன்னேன். உம்மா ஒதுக்கி வைத்திருந்த பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா தண்ணீரூற்று உம்மா கடையென்று சொல்லுவார்" என்றார். கொப்பியை எடுத்து வரவு எழுதினார். நானும் என் கொப்பியில் கடைசிப் பெயரை வெட்டினேன். அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கலாம். பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு சுண்டு சீனியாக இருந்தாலும் எழுதி வையுங்கள். வரவேண்டியதை மன்னிக்க மனம் வந்தால் மன்னியுங்கள். கொடுக்கவேண்டியதை, பெறுபவர் உயிரோடு இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். எங்களுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

வல்ல அல்லாஹ் என் உம்மாவின் கப்றை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.