யாளியும் மேச்சேரி ஆடும்

யாளியை உயிரோடு கண்டவர் எவருமில்லை. சிங்க முகமும் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் நிற்கும் அவ்விலங்கு, சிற்பியின் கற்பனையில் பிறந்து கல்லிலேயே நின்றுவிட்டது. மனிதனின் எண்ணத்தில் உருவாகி, உயிரோடு நம்மிடையே வாழும் விலங்கும் உண்டு. ஆம்! எங்கள் பட்டியில் நிற்கும் மேச்சேரி ஆட்டைத்தான் சொல்கிறேன்.

"ஆட்டை மனிதனா படைத்தான்?" என்று நண்பர்கள் நகைக்கலாம். செம்மறியைத் தந்தது இயற்கைதான். மேற்கு ஆசியாவில் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் காட்டுச் செம்மறியைப் பழக்கினான். அதன்பின் எந்தக் கிடாவை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தலைமுறை தலைமுறையாக அவன் எடுத்த முடிவுகள் இனங்களை உருவாக்கின. குளிர் நாட்டான் கம்பளியை விரும்பினான். அங்கே உரோமம் அடர்ந்தது. நம் பக்கத்து உழவனோ வெயில் தாங்கும் ஆட்டை விரும்பினான்.

மேட்டூர் என்றதும் வெளியூரார் தண்ணீரை நினைப்பர். 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையிலிருந்து காவிரி தஞ்சைத் தரணிக்குப் போகிறது. அருகிலிருக்கும் மேச்சேரி மேட்டுக்காடுகளோ வானம் பார்த்த பூமி. சோளமும் நிலக்கடலையும் பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களுக்குக் கைகொடுத்தது இந்த ஆடுதான். பழுப்பு நிறம், குட்டை மயிர், கிடாவுக்கும் கொம்பில்லை. கம்பளி கத்தரிக்கும் வேலையே கிடையாது. இறைச்சிக்குப் பெயர் பெற்றது; தோல் பதனிடுவோரிடம் இதன் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு.

எங்கள் வீட்டில் மந்தைக்கு அதிகாரி என் அப்பாயி. சென்ற ஆண்டு என் கல்லூரிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. வியாபாரி வந்து பட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நன்கு வளர்ந்த ஓர் இளங்கிடாவின் முதுகை அழுத்திப் பார்த்து, நல்ல விலை சொன்னார். அந்த ஒன்றை விற்றாலே போதும். அப்பா தலையசைக்கப் போனார். அப்பாயி குறுக்கே வந்தார்.

"அதை விக்கறதில்லடா. வேற ரெண்டைப் புடிச்சிக் குடு."

"ரெண்டு போறதுக்கு ஒண்ணு போகட்டுமே, அம்மா!"

"நல்லதையெல்லாம் வித்துப்புட்டு நோஞ்சானைக் கிடாவா விட்டா, நாலு வருஷத்துல பட்டியில என்னடா நிக்கும்?"

வியாபாரி சிரித்துக்கொண்டே இரண்டு ஆடுகளை ஓட்டிச் சென்றார்.

அன்று அப்பாயி சொன்னதில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. விரைவில் வளரும் கிடாக்குட்டியே முதலில் சந்தைக்குப் போகிறது. விலை போகாதது பட்டியில் தங்கி, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. மேய்ச்சல் நிலம் சுருங்குவதும், வேற்றினக் கிடாக்கள் கலப்பதும் இதனோடு சேர்கின்றன. நோயோ பஞ்சமோ இல்லாமலே ஓர் இனம் தேய்ந்துபோக இவை போதும்.

பொட்டனேரியில் 1978-இல் தொடங்கப்பெற்ற மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணி வருகிறது. இன்று அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. தேர்ந்த கிடாக்களை வளர்ப்பது அறிஞர் பணி. ஆனால் ஊர்தோறும் உள்ள பட்டிகளில் எந்தக் கிடா தங்கும் என்பதை முடிவு செய்வது, அவசரப் பணத்துக்காக வாசலில் நிற்கும் வீட்டார் அல்லவா? ஓர் இனத்தின் எதிர்காலம், விற்ற ஆடுகளைவிட விற்காத ஆட்டில்தான் இருக்கிறது.

அப்பாயி காத்த கிடா இன்று பட்டியின் தலைவன். சினை ஆட்டுக்கு ஐந்து மாதம். இவ்வாண்டு பிறந்த அதன் குட்டிகள் தாயின் பின்னே துள்ளுகின்றன. மந்தையுள்ள வீட்டிலிருந்து வரும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. நம் படிப்புக்காக ஆடு விற்கப்படும் நாளில் நாமும் பட்டிக்குள் இறங்குவோம். எது போகலாம், எது போகக்கூடாது என்று பெரியவர்களிடம் கேட்டுப் படிப்போம். அதுவும் ஒரு கல்விதான்!