இரவில் ஓடிய பம்ப்

ஆர்.வி. எனப்படும் சக்கர வீட்டில் வாழ்ந்தோம் என்று சொன்னதுமே நண்பர்களின் கண்களில் கிராண்ட் கேன்யன் விரியும். எனக்கு நினைவுக்கு வருவதோ கழிப்பறைத் தொட்டியின் பின்னால் இருந்த ஒரு பிளாஸ்டிக் நட்டுதான்.

2019இல் எனக்கு வேலை போயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, 24 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குளிர்காலத்தில் இத்தகைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து நிற்கும். அரசு நிலத்தில் பல இடங்களில் 14 நாட்கள் வாடகையின்றித் தங்கலாம்; பிறகு இடம் மாற வேண்டும். ‘நோமாட்லேண்ட்’ திரைப்படம் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் பரிச்சயமாக இருக்கும். படத்தில் காட்டியதுபோல அந்தி வானம் அழகுதான். ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் பெரும்பாலும் பாட்டரியின் அளவைப் பார்த்துக்கொண்டிருப்போம். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.1க்கு இறங்கினால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். அதை ஒரு வாரத்துக்கு ஓட்ட வேண்டும். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவது என்பதே குளியல். தாமிரபரணியில் மூழ்கிக் குளித்து வளர்ந்தவள் என் மனைவி. அவள் ஒருநாளும் இதைக் குறையாகச் சொன்னதில்லை.

குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து பம்ப் தானாக ஓடும், மூடினால் நிற்கும். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் நள்ளிரவில் அது ஒரு விநாடி ஓடி நிற்குமானால், அதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து நீர் தொட்டிக்கே திரும்பியிருக்கும். அல்லது எங்கோ கசிந்துகொண்டிருக்கும். முதல் இரவு அந்தச் சத்தம் கேட்டதும் வால்வுதான் என்று முடிவுகட்டினேன். வால்வு என்றால் உடனே எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? அப்படியே பத்து இரவுகள் போயின.

பதினோராம் நாள் காலை, கழிப்பறைக்குள் போன மனைவியின் குதிகால் தரையில் அழுந்தியது. விரிப்பைக் கிழித்துப் பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஊறிய ரொட்டிபோல் கையோடு வந்தது. பின்னால் இருந்த நட்டு சாலை அதிர்வில் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக அத்தனை நாட்களும் ஒழுகியிருக்கிறது. அதைக் கையால் இறுக்கி மேலும் கால் சுற்றுத் திருப்பினேன், கசிவு நின்றுவிட்டது. ஸ்பானர் போட்டிருந்தால் பிளாஸ்டிக் உடைந்திருக்கும். தரைதான் இரண்டு நாள் வேலை வாங்கியது. பக்கத்து வண்டி முதியவர் மின்வாளையும் ஜெனரேட்டரையும் இரவல் கொடுத்தார். அழுகியதை அறுத்தெடுத்து, காயவிட்டு, பிளைவுட் பொருத்தினோம்.

பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "நானும் பத்து நாளாக் கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன். வேலை போன கவலையில இருக்கீங்க, இதை வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

என் மௌனத்துக்கும் அதுவே காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளுடையது கரிசனம். நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. சொன்னால் தரையைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் செலவு, செலவென்றால் கையில் எவ்வளவு மிச்சம் என்ற பேச்சு வரும். அந்தத் தொகையை மூன்று மாதங்களாக அவளிடம் சொல்லாமலே இருந்தேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து, கியாஸ், பெட்ரோல், அரிசி என்று வரிசையாக எழுதத் தொடங்கினாள். எழுதும்போதே இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மணிவரை பம்ப் ஓடவில்லை.